வெள்ளம் வடிந்த வீட்டில் கிருமி நீக்க எது சரி: கொதிநீரா, பிளீச்சிங் பவுடரா, ஹைப்போவா, மாத்திரையா?

வெள்ளம் வடிந்ததும் வீட்டில் ஒரே நேரத்தில் நான்கைந்து இடங்களைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். சாக்கடை கலந்த தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கியிருக்கும், கிணறு நிரம்பிக் கலங்கியிருக்கும், தரையில் சேறு படிந்திருக்கும், அடுப்படியின் கீழ்த்தட்டுப் பாத்திரங்கள் நனைந்திருக்கும். இதற்கிடையே குடிக்கவும் தண்ணீர் வேண்டும். கையில் கிடைப்பது ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடர், ஒரு அட்டை குளோரின் மாத்திரை, கடையில் வாங்கிய ஹைப்போ என்ற குளோரின் திரவம், ஒரு பாட்டில் ஃபினாயில். இவை ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் இடமும் பொருந்தாத இடமும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னையிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஆயிரக்கணக்கான வீடுகள் சந்தித்த கேள்வி இது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் திரும்ப வருவதும் இதுதான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முந்தைய வேலை ஒன்று இருக்கிறது. குளோரின் கிருமியை மட்டும் தேடிப் போவதில்லை. சேறு, இலைச்சருகு, மலக்கழிவு, சிறுநீரில் உள்ள அம்மோனியா, போர் தண்ணீரின் இரும்பு என்று எதிர்ப்படும் எல்லாவற்றோடும் வினைபுரிந்து தீர்ந்துவிடும். கரைந்த இரும்பு ஒரு மி.கி. இருந்தால் அது மட்டுமே 0.6 மி.கி. அளவுக்குக் குளோரினைக் குடித்துவிடும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர், இன்னொன்றில் கலங்கல் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு ஹைப்போ விட்டு அரைமணி நேரம் மூடி வையுங்கள். தெளிந்த டம்ளரைத் திறந்தால் நீச்சல்குள வாடை வரும். கலங்கல் டம்ளரில் சேற்று வாடைதான் வரும். குளோரின் சேற்றோடு போராடியே முடிந்துவிட்டது, கிருமிக்கு மிச்சமில்லை. தரைக்கும் இதே கதைதான். அதனால் வண்டலை எடுப்பது, தேய்த்துக் கழுவுவது, வடிகட்டுவது ஆகியவை முதலில் முடியட்டும். மருந்து அதற்குப் பிறகுதான். கிருமி நீக்கம் தோற்றுப்போகும் இடங்களில் பெரும்பாலும் தவறு மருந்தில் இருக்காது, இந்த வரிசையில்தான் இருக்கும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வந்த தண்ணீரில் டீசல் மிதந்தாலோ, பெயின்ட், பூச்சிமருந்து, தொழிற்சாலைக் கழிவு கலந்திருந்தாலோ கீழே வரும் எந்த முறையும் உதவாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், டீசல் போகாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள்; வேறு இடத்திலிருந்து கொண்டுவாருங்கள்.

குடிநீர்: கொதிக்க வைப்பதா, குளோரின் போடுவதா?

கிருமியைக் கொல்வதில் கொதிநீருக்கு நிகரில்லை. காலரா, டைஃபாய்டு பாக்டீரியாக்கள், மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள், ஜியார்டியா, அமீபா எல்லாம் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே முடிந்தது. 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டி போன்ற இடங்களில் தண்ணீர் 100 டிகிரிக்குக் கீழேயே கொதித்துவிடுவதால் மூன்று நிமிடம் வையுங்கள். பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று கொதிக்க வைப்பது வெறும் எரிவாயு விரயம்.

கொதிநீருக்கு மட்டுமே உள்ள பெரிய சிறப்பு கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி விஷயத்தில் தெரியும். இதன் ஓட்டைக் குளோரின் எளிதில் துளைக்காது. குடிநீரில் போடும் அளவில் ஒருநாள் முழுக்க வைத்திருந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993இல் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் வழியாகவே நான்கு லட்சம் பேருக்கு இந்த ஒட்டுண்ணியால் வயிற்றுப்போக்கு வந்தது. ஆகவே கைக்குழந்தை, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர் உள்ள வீட்டில் வெள்ளத்துக்குப் பிந்தைய வாரங்களில் குடிநீருக்குக் கொதிக்க வைப்பதைத் தவிர வேறு யோசனையே வேண்டாம்.

குறையும் இருக்கிறது. கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் சக்தி இல்லை. கழுவாத குடத்தில் ஊற்றினாலோ, டம்ளரை விரலோடு முக்கி எடுத்தாலோ, கிருமி மறுபடி ஏறி வளரத் தொடங்கும். கொதித்த பாத்திரத்திலேயே மூடி வைத்து ஆறவிட்டு, நீண்ட கைப்பிடிக் கரண்டியால் அல்லது குழாய் வைத்த பாத்திரத்திலிருந்து எடுங்கள், அன்றைக்கே குடித்து முடியுங்கள். செலவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 28 டிகிரி தண்ணீரை ஒரு லிட்டர் கொதிக்க வைக்க, அடுப்பின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால், ஏறத்தாழ 11 கிராம் எரிவாயு ஆகும். நாளுக்கு 20 லிட்டர் என்றால் 220 கிராம், 14.2 கிலோ சிலிண்டர் இதற்கு மட்டுமே இரண்டு மாதத்தில் தீரும். நான்கு பேர் குடிப்பதற்கு மட்டும் 10, 12 லிட்டர் என்றால் தாங்கும். பல் துலக்க, காய்கறி கழுவ, பாத்திரம் அலச என்று எல்லாவற்றுக்கும் கொதிக்க வைப்பது நடக்காது. அந்த இடத்தில்தான் குளோரின் தேவைப்படுகிறது.

குளோரினின் பலம், வேலை முடிந்த பின்னும் கொஞ்சம் தண்ணீரில் தங்கி நிற்பது. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 குழாய்த் தண்ணீரில் தங்கும் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. இருக்க வேண்டும் என்கிறது. வைரஸ் தொற்று அச்சம் இருக்கும்போது 0.5 மி.கி. வேண்டும். வெள்ள நேரத்தில் நமக்கு வேண்டியது இந்த 0.5தான். தெளிந்த தண்ணீருக்கு லிட்டருக்கு 2 முதல் 2.5 மி.கி. குளோரின் போட்டு அரைமணி நேரம் மூடி வைத்தால் பெரும்பாலும் இந்த அளவு மிஞ்சும். கலங்கல் தண்ணீரென்றால் முதலில் தெளியவைத்து வடிகட்டி, பிறகு இதைப்போல் இருமடங்கு போட வேண்டும்.

தெளியவைக்கப் படிகாரம் போதும். 20 லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் தேவையில்லை. கட்டியைத் தண்ணீரில் சில சுற்றுச் சுற்றிவிட்டு, மெல்லக் கலக்கி, ஒன்றிரண்டு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். நம் ஊரில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்ப்பதும், முருங்கை விதைப் பருப்பை அரைத்துக் கரைப்பதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. மண் கீழே படியும், அதோடு ஒட்டிய கிருமியில் பெரும்பகுதியும் படியும். ஆனால் தெளிந்து தெரிவதால் அது சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது. மேலே தெளிந்ததை மட்டும் வடித்து, பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்து அதன்வழி வடிகட்டுங்கள். பழையது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பலமுறை துவைத்த துணியில் நூலிழைகள் பிரிந்து கண்கள் சிறுத்துப்போயிருக்கும், புதுத்துணியைவிட நன்றாகப் பிடிக்கும். வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் இப்படி வடிகட்டிய கிராமங்களில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. காலராக் கிருமி தண்ணீரிலுள்ள நுண்ணுயிர் மிதவைகளில் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் புடவைக்கு அது சிக்கியது. தனியாக மிதக்கும் வைரஸ் சிக்காது.

வீட்டில் ஏற்கெனவே சுத்திகரிப்பு இயந்திரம் இருந்தால்? புறஊதா விளக்கு மட்டும் உள்ள இயந்திரத்தை வெள்ளத் தண்ணீருக்கு நம்ப வேண்டாம். ஒளி பட்டால்தான் கிருமி சாகும். மண்துகளின் நிழலில் ஒளிந்துகொண்டவை பிழைத்துப்போகும். விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் உப்பும் பழுப்பும் படிந்திருந்தாலும் இதே நிலைதான். ஆர்.ஓ. சவ்வு கிருமியையும் உப்பையும் நன்றாகவே தடுக்கும், ஆனால் அதற்குப் பின்னால் உள்ள சேமிப்புத் தொட்டியில் தங்கும் குளோரின் கிடையாது. மின்சாரம் இல்லாமல் நான்கு நாள் கிடந்த தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வடிகட்டிகளை மாற்றிய பிறகே மறுபடி ஓட்டுங்கள்.

எரிவாயுவும் மருந்தும் இல்லாத நிலையில் வெயில் கைகொடுக்கும். ஒன்றரை, இரண்டு லிட்டர் நிறமற்ற பெட் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்தி வைக்க வேண்டும். மேகமூட்டமென்றால் இரண்டு நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகை வானத்தை நம்பி இதைத் திட்டமிடாதீர்கள்.

பவுடர், ஹைப்போ, மாத்திரை

குளோரின் என்று முடிவானாலும் மூன்று வடிவங்களில் எதை எடுப்பது என்பது தனிக் கேள்வி. மூன்றிலும் வேலை செய்வது ஒரே பொருள், தண்ணீரில் உருவாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம். வேறுபாடு செறிவிலும், கெட்டுப்போகும் வேகத்திலும், அளக்கும் வசதியிலும்தான்.

பிளீச்சிங் பவுடர் புதிதாக இருக்கும்போது சுமார் 33 சதவீதம் குளோரின் தரும். ஈரக்காற்றும் வெப்பமும் வெளிச்சமும் பட்டால் நாளுக்கு நாள் இறங்கும். கடலோர ஊர்களில் வாய் கட்டாத சாக்கில் கிடக்கும் பவுடர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லவே முடியாது. நல்ல பவுடர் உதிரியாக, வெள்ளையாக, மூக்கைத் துளைக்கும் நெடியோடு இருக்கும். கட்டிதட்டி, ஈரப்பசையோடு, நெடி மங்கியிருந்தால் அதைக் குடிநீருக்கு எடுக்காதீர்கள். கணக்குக்கு 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இந்தக் கட்டுரையின் அளவுகள் எல்லாம் அதன்படிதான். இதன் இன்னொரு தொல்லை சுண்ணாம்பு. கரையாமல் அடியில் தங்கும் அந்த வெள்ளை வண்டலை எங்கேயும் ஊற்றக் கூடாது. பெரிய கொள்ளளவுக்கு, அதாவது கிணறு, பெரிய சம்ப், தெரு அளவிலான வேலைக்கு விலையாலும் எடையாலும் பவுடர்தான் ஏற்றது.

ஹைப்போ என்கிற சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் வீட்டு பாட்டிலில் 4 முதல் 6 சதவீதமும், பெரிய கேனில் 10 முதல் 12 சதவீதமும் இருக்கும். லேபிளைப் படிக்காமல் ஊற்றினால் அளவு இரண்டு மடங்கு தவறும். செறிவு கூடக்கூடச் சிதைவும் வேகமாகும் என்பதால், வெயிலில் நின்ற 12 சதவீதக் கேன் இப்போது எவ்வளவு என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தயாரிப்புத் தேதி ஆறு மாதத்தைத் தாண்டியதைத் தரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மணம் சேர்த்தது, துணி வெளுக்கவென்று கெட்டியாக்கியது குடிநீருக்கு ஆகாது. இத்தனையும் சரிபார்த்த பிறகு, ஒரு வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது புதிய 5 சதவீத ஹைப்போதான். வண்டல் இல்லை, அளப்பது எளிது, தண்ணீருக்கும் தரைக்கும் ஒரே பாட்டில்.

மாத்திரைகள் வீட்டில் வைத்துக்கொள்ள மிகவும் ஏற்றவை. அட்டை கிழியாதவரை வருடக்கணக்கில் வீரியம் குறையாது, அளவும் தவறாது. தவறு நடப்பது வேறிடத்தில். 20 லிட்டருக்கான மாத்திரையை ஒரு லிட்டர் பாட்டிலில் போடுவார்கள். அல்லது ஐந்து மாத்திரையை ஆயிரம் லிட்டர் தொட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அட்டையில் எத்தனை லிட்டருக்கு என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். முழுதாகக் கரைந்தபின் கலக்கி, அரைமணி நேரம் கழித்துக் குடியுங்கள். மாத்திரை என்ற பெயரைப் பார்த்து வாயில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. கொடுக்கும்போதே இது விழுங்குவதற்கல்ல என்று வாய்திறந்து சொல்ல வேண்டும்.

20 லிட்டர் கேனுக்கு அளவு இப்படி: 5 சதவீத ஹைப்போ என்றால் 1 மி.லி., ஊசி கழற்றிய சிரிஞ்சால் எடுத்தால் துல்லியமாக வரும். பவுடர் என்றால் 40 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து அரைமணி நேரம் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிவு ஒரு சதவீதக் கரைசல். அதில் 5 மி.லி., ஒரு தேக்கரண்டி, ஒரு கேனுக்குப் போதும். இந்தக் கரைசலை நிறமுள்ள பாட்டிலில் இருட்டான இடத்தில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பாட்டில் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது வேண்டவே வேண்டாம், குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடும்.

போட்ட அளவு சரிதானா என்பதை அரைமணி நேரம் கழித்துச் சோதித்தால்தான் தெரியும். உள்ளாட்சிப் பணியாளர்கள் கையில் இருக்கும் குளோரோஸ்கோப் பெட்டியில் ஆர்த்தோடோலிடின் சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். இப்போது டி.பி.டி. மாத்திரை போட்டு இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்க்கும் பெட்டியும் கிடைக்கிறது. இதில் கணிப்பு துல்லியம், நஞ்சும் குறைவு. எதுவானாலும் சோதித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நிறமே வரவில்லையென்றால் முதலில் போட்டதில் பாதியளவு மறுபடி போட்டு அரைமணி காத்திருந்து பாருங்கள். இரண்டு முறை போட்டும் நிறம் வராவிட்டால் ஒன்று மருந்து கெட்டது, இல்லையேல் தண்ணீரில் அழுக்கு மிகுதி. அதற்குமேல் மருந்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். குளோரின் வாடை பிடிக்காமல் பெரியவர்கள் அந்தத் தண்ணீரை ஒதுக்குவார்கள். அரைமணி முடிந்தபின் ஒரு சுத்தமான பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நான்கைந்து முறை ஆற்றினால் வாடை பெரிதும் தணியும்.

சம்ப்பும் மேல்தொட்டியும்

இங்கே கொதிநீருக்கு வேலையில்லை. பவுடரா, ஹைப்போவா என்பதுதான் கேள்வி, ஹைப்போதான் என் பதில். சுண்ணாம்பு வண்டல் மோட்டார் வால்வையும் குழாயையும் அடைக்கும்.

சம்ப்பை நிரப்பி மருந்து கலக்குவது, சுவரில் பூசிக் கழுவுவது என இரண்டு வழிகள் உண்டு. ஆறடிக்கு ஐந்தடி, ஐந்தடி ஆழம் தண்ணீர் என்றால் 150 கன அடி, அதாவது சுமார் 4,250 லிட்டர். லிட்டருக்கு 50 மி.கி. என்று நிரப்பினால் 5 சதவீத ஹைப்போ நாலே கால் லிட்டர் வேண்டும். பிறகு அத்தனை தண்ணீரையும் வெளியே கொட்ட வேண்டும். தண்ணீருக்கே திண்டாடும் வாரத்தில் இது வீண். பூசும் முறையே மேல். சேற்றை அள்ளி, சோப்புத் தண்ணீரும் நார்ப் பிரஷ்ஷும் கொண்டு சுவரையும் தரையையும் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரை முழுதும் இறைத்துவிடுங்கள். 20 லிட்டர் வாளியில் 80 மி.லி. ஹைப்போ கலந்தால் லிட்டருக்கு 200 மி.கி. ஆகும். அதைச் சுவர் முழுக்கத் துடைப்பத்தால் பூசி, அரைமணி நேரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த இடத்தில் மறுபடி பூசுங்கள். பிறகு ஒருமுறை அலசி இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடலாம்.

மூடிய சம்ப்புக்குள் இறங்குவதில் உயிராபத்து இருக்கிறது. சாக்கடை இறங்கிய சம்ப்பில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு தேங்கியிருக்கலாம், ஆக்சிஜன் இல்லாமலும் இருக்கலாம். இரண்டு மூடிகளையும் பல மணி நேரம் திறந்து வைத்து, மின்விசிறியால் உள்ளே காற்றைச் செலுத்தி, இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நின்றால் ஒழிய யாரும் இறங்கக் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்றுவதற்காக அடுத்தவர் குதிப்பதே இரண்டாவது மரணத்துக்குக் காரணமாகிறது. பாதுகாப்பாக இறங்க முடியாத சம்ப் என்றால், செலவானாலும் நிரப்பும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

மேல்தொட்டி ஆயிரம் லிட்டர் என்றால், கழுவி நிரப்பி, ஒரு லிட்டர் ஹைப்போ ஊற்றுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். குழாய்களுக்குள்ளும் மருந்து போக வேண்டும். இதற்குமுன் ஆர்.ஓ. இயந்திரத்துக்குப் போகும் வால்வை மூடிவிடுங்கள், இந்தச் செறிவு அதன் சவ்வைத் தின்றுவிடும். இரவு முழுக்க விட்டுக் காலையில் கொட்டிவிடலாம். தோட்டத்திலோ செப்டிக் டேங்கிலோ கொட்டாதீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் ஆயிரம் லிட்டருக்கு 40 மி.லி. போதும்.

கிணறு

கிணற்றுக்குப் பவுடர்தான். நாலடி விட்டம், பத்தடி தண்ணீர் உள்ள உறைகிணற்றை எடுத்துக்கொள்வோம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீராழத்தால் பெருக்கி, 0.785ஆல் பெருக்கினால் 125.6 கன அடி, 28.3ஆல் பெருக்க 3,550 லிட்டர். சாதாரண நாளில் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் 9 கிராம் பவுடர் போதும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு போதாது. லிட்டருக்கு 50 மி.கி. என்ற கணக்கில் ஏறத்தாழ 700 கிராம் வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு, முதல் முறையிலேயே ஒரு கைப்பிடி தூவிவிட்டு முடிந்தது என்று நினைப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம்.

முதலில் கலங்கல் தண்ணீரை இறைக்க வேண்டும், ஆனால் அவசரப்படாமல். சுற்றியுள்ள மண் நீர் ஊறிக் கனத்திருக்கும் நாட்களில் கிணற்றை வேகமாகக் காலிசெய்தால் உறையோ மண்சுவரோ உள்ளே சரியலாம். நாலைந்து நாள் பொறுத்து, விட்டுவிட்டு இறைப்பது நல்லது. மோட்டாரை எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகு போடுங்கள்.

பவுடரை அப்படியே கிணற்றில் தூவாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போகாமல், கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பசைபோலக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிவை இன்னொரு வாளிக்கு மாற்றுங்கள். அடியிலிருக்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீரின் கடினத்தன்மை கூடும். தெளிவு நிறைந்த வாளியைக் கயிற்றில் கட்டி, நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குங்கள். நம் கணக்குக்கு ஏழு வாளி ஆகும். மிச்சக் கரைசலை உறையின் உட்சுவரில் ஊற்றுங்கள். மாலையில் செய்து, மறுநாள் மாலைவரை யாரும் இறைக்காமல் வைத்து, பிறகு குளோரின் வாடை போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள். வெள்ளத்தில் செப்டிக் டேங்க் நிரம்பிக் கிணற்றுப் பக்கம் கசிந்தபடி இருந்தால் இதெல்லாம் இரண்டு நாளைக்குத்தான் நிற்கும். கசிவை அடைக்காமல் மருந்து போட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

தரை, பாத்திரம், கட்டில்

தரைக்கு நான்கு பொருட்கள் போட்டியிடுகின்றன. ஃபினாயில் வாசனையால் நம்பிக்கை தருகிறது. கடையில் கிடைக்கும் வெள்ளை ஃபினாயில் பலவும் பைன் எண்ணெய்க் கலவை. அன்றாடம் தரை துடைக்க நல்லது, சாக்கடை ஏறிய தரைக்கு வீரியம் போதாது. கறுப்பு ஃபினாயிலுக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் சக்தி அதிகம், ஆனால் நெடியும் கறையும் அடுப்படிக்கு ஒத்துவராது. வண்ண வண்ணத் தரை கிளீனர்களில் பெரும்பாலும் பென்சால்கோனியம் குளோரைடு இருக்கும். சோப்பு மிச்சம் இருந்தால் அது செயலிழந்துவிடும், நோரோவைரஸ் போன்ற உறையில்லா வைரஸ்களிடமும் வலு குறைவு. ஆகவே வெள்ளத்துக்குப் பின் முதல் வாரத்தில் தரைக்கு ஹைப்போ. அதற்குப் பிறகு வழக்கமான கிளீனருக்குத் திரும்பலாம்.

பத்து லிட்டர் வாளிக்கு 5 சதவீத ஹைப்போ 200 மி.லி. கலந்தால் 0.1 சதவீதக் கரைசல். சேறு தள்ளி, சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசிய தரையில் இதைப் பூசிப் பத்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். மாப்பை ஒருமுறை இழுத்ததும் ஃபேன் போட்டுக் காயவைத்தால் வேலை நடக்காது. வாந்தி, மலம் பட்ட இடமென்றால் தாளாலோ பழந்துணியாலோ ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு பங்கு ஹைப்போவுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த 0.5 சதவீதக் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். கரைசலை அன்றன்றைக்கு, குளிர்ந்த தண்ணீரில் கலக்க வேண்டும்.

எவர்சில்வர் பாத்திரத்துக்கு ஹைப்போ எதிரி. நீண்ட நேரம் ஊறினால் புள்ளிபுள்ளியாக அரிக்கும். அலுமினியம் கறுத்துவிடும். இவற்றைக் கழுவி, பெரிய அண்டாவில் கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுப்பதுதான் சரி. பிளாஸ்டிக், பீங்கான், கண்ணாடியென்றால் லிட்டருக்கு 4 மி.லி. ஹைப்போ கலந்த தண்ணீரில் இரண்டு நிமிடம் வைத்து, துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக் டப்பா, மரத்தாலான காய்வெட்டும் பலகை, நனைந்த பஞ்சு மெத்தை, தலையணை ஆகியவற்றை மனம் கல்லாக்கித் தூக்கிப்போட வேண்டியதுதான். உள்ளே ஊறிய சாக்கடையை எந்த மருந்தும் எட்டாது. சுவிட்ச் போர்டு, கைப்பேசி, மீட்டர் பெட்டி ஆகியவற்றுக்கு மட்டும் 70 சதவீத ஆல்கஹால். மெயினை அணைத்துவிட்டுத் துணியில் நனைத்துத் துடையுங்கள். 95 சதவீத ஆல்கஹால் இன்னும் நல்லது என்று எண்ண வேண்டாம். புரதத்தைக் குலைக்கத் தண்ணீரும் வேண்டும், தண்ணீர் குறைந்தால் அது வேலை முடியுமுன் ஆவியாகிவிடும். அடுப்பும் விளக்கும் எரியும் இடத்தில் ஆல்கஹால் வேண்டவே வேண்டாம்.

தெருவோரச் சேற்றின் மேல் கோடு கோடாக உலர்ந்த பவுடரைத் தூவுவது கண்ணுக்கு ஆறுதல் தருகிறதே ஒழிய கிருமிக்குப் பெரிதாக எதுவும் ஆவதில்லை. கரையாத பவுடர் வேலை செய்யாது. கரைந்த கொஞ்சத்தையும் சேறு தின்றுவிடும். அந்தப் பவுடரை வாளியில் கரைத்துக் கழுவிய திண்ணைக்கும் கழிப்பறைக்கும் பயன்படுத்தியிருந்தால் பலன் உண்டு. மனிதர்கள் மேல் ஹைப்போ தெளிப்பதும் அப்படித்தான். 2020 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகமே அதைச் செய்யக் கூடாது என்று அறிவித்தது.

கலவை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டும் ஹைப்போவும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் இரண்டு நிமிடத்தில் நுரையீரல் வெந்துபோகும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், சிறுநீர் தேங்கிய இடம் ஆகியவற்றோடு சேர்ந்தால் குளோரமீன் என்ற நச்சு வாயு. ஆசிட் போட்ட இடத்தில் ஹைப்போ போட வேண்டுமென்றால், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, கதவைத் திறந்து வைத்து, மறுநாள் போடுங்கள். பவுடர் சாக்கை மண்ணெண்ணெய், பெட்ரோல், கிரீஸ் பக்கத்தில் அடுக்காதீர்கள், தானாகவே தீப்பற்றக்கூடும்.

கிணறும் சம்ப்பும் சரியாகிவிட்டனவா என்பதை மருந்து போட்ட அன்றே சோதித்தால் பொய்யான விடைதான் கிடைக்கும். குளோரின் இருக்கும்வரை கிருமி தலைகாட்டாது. ஒரு வாரம் கழித்து, குளோரின் முழுதும் போனபின் மாதிரி எடுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைக் குப்பி கிடைத்தால் தண்ணீரை அடையாளக் கோடுவரை நிரப்பி, வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். கறுத்தால் தண்ணீரில் மலக்கழிவின் தடயம் இருக்கிறது என்று பொருள். ஆய்வகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலிலேயே பிடியுங்கள். அதில் இருக்கும் சோடியம் தயோசல்ஃபேட் துகள் மிச்சக் குளோரினை முறிப்பதற்கானது, அழுக்கு என்று நினைத்து அலசிவிடாதீர்கள். குழாய் வாயைத் தீயில் வாட்டி, இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். 100 மி.லி.யில் ஈ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இல்லை என்று வரும்வரை குடிநீரைக் கொதிக்க வைப்பதை நிறுத்தாதீர்கள்.